கால் கழுவுவது யார், கதை சொல்வது யார்?

டிரேசி கிடரின் 'ரஃப் ஸ்லீப்பர்ஸ்' - ஓர் எதிர் வாசிப்பு

தெருவில் படுத்துக் கிடக்கிறவனுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டரைப் பற்றிய புத்தகம் இது. அமெரிக்க எழுத்தாளர் டிரேசி கிடர் எழுதி 2023-ல் வெளியானது. பெயர் 'ரஃப் ஸ்லீப்பர்ஸ்'. விடுதிக்குள் இடம் கிடைக்காமலோ, விடுதிக்குள் போக மனசில்லாமலோ பாலத்தடியிலும் கடை வாசலிலும் கொட்டுகிற பனியிலும் படுக்கிற சனங்களை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். பாஸ்டன் நகரத்தில் 1985 முதல் நடந்துவரும் 'வீடற்றோருக்கான உடல்நலத் திட்டம்' என்ற லாபநோக்கற்ற அமைப்பும், அதைத் தொடக்கத்திலிருந்தே கட்டி வளர்த்த டாக்டர் ஜிம் ஓகானலும்தான் இதன் மையம். கிடர் ஐந்தாண்டுக் காலம் அந்த டாக்டரோடு கூடவே திரிந்து, ராத்திரி வண்டியில் ஏறி, பார்த்ததை எழுதியிருக்கிறார்.

படிக்கிறவருக்குக் கண் கலங்கும். கலங்காவிட்டால்தான் அதிசயம். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது என்று கேட்பதுதான் விமர்சனத்தின் வேலை. நல்ல மனுசன் ஒருத்தன் ஏழைகளுக்கு இரங்கினான் என்பது மட்டும்தான் மிஞ்சுகிறது என்றால், அந்தக் கதையை நாம் ஆயிரம் வருசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதற்குப் புதுப் புத்தகம் தேவையில்லை. இந்தப் பிரதிக்குள் வேறொன்று புதைந்து கிடக்கிறது. கருணைக் கதையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால், அடியில் ஒரு கோரிக்கை இருக்கிறது. அதைத் தோண்டி எடுப்பதற்காகவே இந்த வாசிப்பு.

*

பாஸ்டன் எங்கே, நாம் எங்கே? அந்த ஊர்க் கதையை நாம் ஏன் படிக்க வேண்டும் என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பதில் ஒரு தெர்மாமீட்டரில் இருக்கிறது.

அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் தன் அனுபவங்களோடு பிறர் அனுபவங்களையும் எழுதியிருக்கிறார். அவற்றில் ஒன்று கத்தியவாரைச் சேர்ந்த ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியருடையது. காந்தியின் 'யங் இந்தியா'வில் 1929 டிசம்பரில் வெளிவந்த கடிதம் அது. ஆசிரியரின் மனைவி பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் நோயில் விழுகிறாள். டாக்டர் சேரிக்குள் வர மறுக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் கெஞ்சி, இரண்டு ரூபாய் கட்டணத்துக்கும் பிணை நின்ற பிறகு ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொள்கிறார்: நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டு வந்தால் பார்ப்பாராம். பச்சைப் பிள்ளையோடு அவளை வெளியே தூக்கி வருகிறார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் புருசனிடம் கொடுக்கிறார். புருசன் பெண்டாட்டிக்கு வைக்கிறார். திரும்பவும் அதே வரிசையில் அது டாக்டர் கைக்குப் போகிறது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நிமோனியா என்கிறார் டாக்டர். அந்தப் பெண் செத்துப்போகிறாள்.

மருத்துவ அறிவு அந்த டாக்டரிடம் இருந்தது. மருந்து இருந்தது. தெர்மாமீட்டரும் இருந்தது. தொடுகை மட்டும்தான் இல்லை. அந்த ஒன்று இல்லாததால் மற்றதெல்லாம் பிணத்துக்கு வைத்த வைத்தியமாகப் போய்விட்டது. ஆகவே நோயாளியின் உடம்பைத் தொடுவது பற்றி உலகத்தின் எந்த மூலையில் யார் எழுதினாலும் அது நம் விசயம்தான். தொடுகையின் அரசியலை நம்மைவிடக் கூடுதலாகப் படித்தவர்கள் யார் இருக்கிறார்கள்?

*

இப்போது பாஸ்டனுக்கு வருவோம். 1985-ல் ஓகானல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பயிற்சிக் காலத்தை முடிக்கும் தறுவாயில் இருக்கிறார். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் படித்தவர். அடுத்தது நியூயார்க்கில் புற்றுநோய்த் துறையில் மேற்பயிற்சி என்று இடம்கூட உறுதியாகிவிட்டது. நடுவில் ஒரே ஒரு வருசம் வீடற்றோருக்கான புதிய திட்டத்தில் வேலை செய்துவிட்டுப் போ என்று மேலே இருப்பவர்கள் கேட்கிறார்கள். சரி என்கிறார். அந்த ஒரு வருசம் முடியவே இல்லை.

முதல் நாள் பைன் ஸ்ட்ரீட் இன் என்ற பெரிய விடுதிக்குப் போகிறார். அங்கே 1972-லிருந்தே செவிலியர்கள் நடத்திய ஒரு மருத்துவ நிலையம் இருந்தது. டாக்டர் துணையில்லாமல், அந்தப் பெண்களே நடத்திவந்த இடம் அது. புது டாக்டரைப் பார்த்ததும் அவர்கள் மாலை போட்டு வரவேற்கவில்லை. பார்பரா மெக்கின்னிஸ் என்ற செவிலியர் அவரை உட்கார வைத்துச் சொன்னதன் சாரம் இது: நீ படித்த படிப்பு எல்லாம் சரிதான், ஆனால் உன்னைத் தப்பாகப் பழக்கியிருக்கிறார்கள், ஸ்டெதாஸ்கோப்பைப் பைக்குள் வை, கொஞ்ச நாளைக்கு இங்கே வருகிறவர்களின் காலைக் கழுவு.

ஹார்வர்டு டாக்டர் உட்கார்ந்து காலைக் கழுவுகிறார். பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், கிருமிநாசினி. நாள் முழுக்க நடந்து, ஈரச் செருப்புக்குள் ஊறி, வெடித்து, வீங்கி, நாறிப்போன கால்கள். ஒரு கிழவர் வருகிறார். பல காலமாக எந்த டாக்டரையும் கிட்டவே நெருங்க விடாதவர். ஒரு மாசம் போல ஓகானல் அவர் காலைக் கழுவுகிறார். ஒரு வார்த்தை பேசுவதில்லை. பிறகு ஒரு நாள் அவரே வாயைத் திறந்து, நீ டாக்டர்னுதானே சொல்றாங்க, இங்கே உக்காந்து காலை என்னத்துக்குக் கழுவிக்கிட்டிருக்கே என்கிற மாதிரி கேட்கிறார். வைத்தியம் அங்கேதான் தொடங்குகிறது.

இதில் புனிதம் ஒன்றும் இல்லை. இது ஒரு வேலைமுறை. ஆஸ்பத்திரியில் டாக்டர் நிற்கிறார், நோயாளி படுத்திருக்கிறார். டாக்டர் கேட்கிறார், நோயாளி பதில் சொல்கிறார். டாக்டருக்கு நேரமில்லை, நோயாளிக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வேலையில்லை என்பது அங்கே எழுதாத சட்டம். கால் கழுவும்போது இந்த மூன்றும் தலைகீழாகின்றன. டாக்டர் கீழே, நோயாளி மேலே. டாக்டர் காத்திருக்கிறார். பேச்சை எப்போது ஆரம்பிப்பது என்று நோயாளி தீர்மானிக்கிறார். அதிகாரத்தை ஓர் அடி கீழே இறக்கி உட்கார வைத்த பிறகுதான் அறிவுக்கு உள்ளே நுழைய வழி கிடைக்கிறது.

கால் கழுவுவது என்றதும் நமக்கு வேறொரு படம் ஞாபகத்துக்கு வருகிறது. 2019 பிப்ரவரி 24 அன்று பிரயாக்ராஜ் கும்பமேளாவில் பிரதமர் நரேந்திர மோடி 5 துப்புரவுத் தொழிலாளிகளின் காலைக் கழுவித் துடைத்தார். காமிராக்கள் சுற்றி நின்றன. நாடே பார்த்தது. பிறகு? அந்தக் கால்கள் மறுபடியும் அதே மலத்துக்குள்தான் இறங்கின. இரண்டு இடத்திலும் தண்ணீர் ஒன்று, பாத்திரம் ஒன்று, குனிந்த முதுகும் ஒன்றுதான். அப்படியானால் வித்தியாசம் எங்கே? மேளாவில் கழுவினவர் அந்தக் கால்களிடமிருந்து எதையும் தெரிந்துகொள்ளவில்லை. தெரிந்துகொள்ளப் போகவும் இல்லை. அது ஒரு சடங்கு. சடங்கு ஒரே நாளில் முடிந்துவிடும், படம் மட்டும் நிற்கும். பைன் ஸ்ட்ரீட்டில் கழுவினவர் அடுத்த நாளும் வந்தார், அடுத்த மாசமும் வந்தார், காலைப் பார்த்து நோயைக் கண்டுபிடித்தார். கருணையும் மருத்துவமும் பிரிகிற இடம் அதுதான்.

*

இதுவரை புத்தகத்தோடு நமக்குச் சண்டையில்லை. சண்டை இனிமேல்தான்.

இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது யார்? மெக்கின்னிஸ். அவருக்கு முன்னும் அவரோடும் அந்த நிலையத்தை நடத்தியது யார்? செவிலியர்கள். புத்தகம் யாருடைய கதை? டாக்டருடையது. மெக்கின்னிஸ் 2003-ல் காலமானார். திட்டத்தின் தேறுமிடத்துக்கு, அதாவது ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு நோயில்லாத, தெருவில் விடும் அளவுக்குத் தேறவும் செய்யாத சனங்கள் படுத்து உடம்பைத் தேற்றிக்கொள்ளும் இடத்துக்கு, அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். கட்டடத்துக்கு அம்மாவின் பெயர், கதைக்கு ஐயாவின் வாழ்க்கை. இந்த ஏற்பாடு நமக்குப் புதிதா என்ன?

தமிழில் 'மருத்துவர்' என்ற சொல்லின் கதையை நினைத்துப் பாருங்கள். முடிதிருத்துகிற, காயத்துக்குக் கட்டுப் போடுகிற ஒரு சாதிக்கு அந்தப் பெயர் இருந்தது. பேறுகாலம் பார்த்த அந்த வீட்டுப் பெண் மருத்துவச்சி. ரத்தத்தையும் தீட்டையும் தொட்டவள் அவள். தொட்டதற்காகவே கீழே தள்ளப்பட்டவளும் அவள்தான். பிறகு கல்லூரி வந்தது, பட்டம் வந்தது, பெரிய சாதிக்காரர்கள் அந்தச் சொல்லை எடுத்துக் கோட்டு மாட்டிக்கொண்டார்கள். தொடுகிற வேலை கீழே, பெயர் எடுக்கிற வேலை மேலே என்ற பாகப்பிரிவினை அங்கேயும் நடந்திருக்கிறது, இங்கேயும் நடந்திருக்கிறது. பாஸ்டனில் அது சாதியாக இல்லாமல் வர்க்கமாக, பாலினமாக நடக்கிறது.

கிடர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. செவிலியர்களை அவர் மறைக்கவும் இல்லை. கால் கழுவிய கதையே அவர் புத்தகத்திலிருந்து நமக்குக் கிடைப்பதுதான். பிரச்சினை கதையின் எலும்புக்கூட்டில் இருக்கிறது. ஹெய்ட்டியில் வேலை செய்த டாக்டர் பால் ஃபார்மரைப் பற்றி 2003-ல் அவர் எழுதிய புத்தகமும் இதே அமைப்புதான். ஒரு அசாதாரண மனிதன், அவனுக்குப் பின்னால் ஓடுகிற எழுத்தாளன், அவன் கண் வழியாகத் தெரிகிற ஏழைகள். இப்படி ஒரு எலும்புக்கூட்டை நட்டுவிட்டால், பிறகு எவ்வளவு நேர்மையாகச் சதை வைத்தாலும் நோயாளி பாத்திரமாகவும் டாக்டர் கதாநாயகனாகவும்தான் வரமுடியும்.

டோனி என்று ஒருவர் வருகிறார். நிஜப் பெயர் மறைத்துக் கொடுத்த பெயர். புத்தகத்தில் டாக்டருக்கு அடுத்தபடியாக நம் மனசில் நிற்கிறவர் அவர்தான். நீண்ட காலம் சிறையில் இருந்தவர். அந்தச் சிறைப் பதிவே அவருக்கு வீடு கிடைக்காமல் கதவைச் சாத்துகிறது. போதை விடவில்லை. ஆனால் தெருவில் அவர் என்ன செய்கிறார்? உடம்புக்கு முடியாதவனைப் பார்த்துக்கொள்கிறார். அடி வாங்குகிறவனுக்கு நடுவில் போய் நிற்கிறார். யார் எங்கே படுத்திருக்கிறான், எவனுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இதற்கு நம் அகராதியில் என்ன பெயர்? ஒரு அமைப்பில் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தால் களப்பணி என்போம். கூட்டத்தைக் கூட்டிச் செய்தால் தலைமை என்போம். டோனி செய்தால் மட்டும் அது குணச்சித்திரம். கிடருக்கு டோனியை மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் அவரை ஒரு தலைவராகப் பார்க்க அந்தக் கதையமைப்பு விடவில்லை. கடைசியில் டோனி செத்துப்போகிறார், டாக்டர் துக்கப்படுகிறார், நாமும் டாக்டரின் துக்கம் வழியாகவே துக்கப்படுகிறோம்.

1992-ல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது தமிழில் என்ன நடந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னாலும் நம்மைப் பற்றி எழுதினார்கள். இரக்கத்தோடும் எழுதினார்கள். எழுதப்பட்டவர்களே எழுத வந்தபோது மாறியது விசயம் மட்டுமல்ல. யார் எங்கே உட்கார்ந்து பேசுகிறார் என்பதே மாறியது. பாஸ்டன் தெருவின் 'கருக்கு' இந்தப் புத்தகம் இல்லை. அது இனிமேல் வர வேண்டும்.

*

முதலில் சொன்ன கோரிக்கைக்கு வருகிறேன். 1985-ல் இந்தத் திட்டத்துக்கு ராபர்ட் உட் ஜான்சன் அறக்கட்டளையும் பியூ அறக்கட்டளையும் பணம் கொடுத்தன. 19 நகரங்களுக்குக் கொடுத்ததில் பாஸ்டனும் ஒன்று. பணம் வருகிறது என்றதும் வீடற்றோரும் அவர்களுக்காக வாதாடியவர்களும் விடுதிக்காரர்களும் கூடி நிபந்தனை வைத்தார்கள். இது தர்மமாக இருக்கக் கூடாது, சமூக நீதியாக இருக்க வேண்டும். ஓய்வு நேரத்தில் வந்து புண்ணியம் தேடிப்போகிற டாக்டர்கள் வேண்டாம், இதையே வேலையாகச் செய்கிறவர்கள் வேண்டும். அறுவைசிகிச்சை முடிந்த ஆளைத் திரும்பவும் நடைபாதையில் கொண்டு வந்து போடாதே, படுத்துத் தேறுவதற்குக் கட்டில் கொடு.

தோழர்களே, இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். இது நன்றி சொல்கிறவர்களின் பேச்சு அல்ல. பேரம் பேசுகிறவர்களின் பேச்சு. ஓகானல் அந்த ஒரு வருசத்துக்குப் பிறகும் அங்கேயே இருந்தார் என்றால் அதில் அவருடைய நல்ல மனசு ஒரு பங்கு. வந்து போகிற டாக்டர் வேண்டாம் என்று இவர்கள் போட்ட நிபந்தனை இன்னொரு பங்கு. இந்த இரண்டாவது பங்கை எந்த வாழ்க்கை வரலாறும் நாயகன் கணக்கில்தான் வரவு வைக்கும்.

இந்தப் பேச்சும் 1985-ல் வானத்திலிருந்து குதித்தது அல்ல. அதே பாஸ்டனில், குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் கட்டிய கொலம்பியா பாயின்ட் என்ற ஏழைக் குடியிருப்பில், 1965 டிசம்பரில் அமெரிக்காவின் முதல் சமுதாய சுகாதார நிலையம் திறக்கப்பட்டது. ஜாக் கைகர், கவுன்ட் கிப்சன் என்ற இரண்டு டாக்டர்கள் தொடங்கியது. ஊர்ச் சனங்களுக்கு நிர்வாகத்தில் பங்கு வேண்டும் என்பது அதன் அடிப்படை. பிறகு மிசிசிப்பியின் கறுப்பர் ஊர் ஒன்றில் இரண்டாவது நிலையம் வந்தது. பட்டினியால் நோயுற்ற பிள்ளைகளுக்கு அங்கே மருந்துச் சீட்டில் உணவையே எழுதிக் கொடுத்தார்கள்.

1970-ல் பாஸ்டனின் கறுப்பர் பகுதியான ராக்ஸ்பரியில் கருஞ்சிறுத்தைகள் ஓர் இலவச மருத்துவ நிலையம் திறந்தார்கள். பெருஞ்சாலை போடுவதற்காகச் சனங்களை விரட்டிக் காலி செய்த நிலத்தில் ஒரு டிரெய்லரைக் கொண்டு வந்து நிறுத்தி அதில் நடத்தினார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளியாக இருந்தபோது போலீஸ்காரர் சுட்டுக் கொன்ற ஒரு கறுப்பின இளைஞரின் பெயரை, பிராங்க்ளின் லிஞ்ச் என்ற பெயரை, அதற்கு வைத்தார்கள். எல்லாக் கிளைகளும் மருத்துவ நிலையம் தொடங்க வேண்டும் என்பது அந்த வருசம் அவர்கள் கட்சியின் கட்டளை. 1972-ல் தங்கள் பத்து அம்சத் திட்டத்தைத் திருத்தியபோது, ஒடுக்கப்பட்ட எல்லாருக்கும் இலவச மருத்துவம் என்பதை ஒரு கோரிக்கையாகவே சேர்த்தார்கள். அதே 1972-ல்தான் பம்பாயில் தலித் சிறுத்தைகள் பிறந்தார்கள், அந்தப் பெயரைப் பார்த்துத் தங்களுக்கும் பெயர் வைத்துக்கொண்டார்கள். நாம் அவர்களிடமிருந்து பெயரையும் கோபத்தையும் கவிதையையும் எடுத்துக்கொண்டோம். மருத்துவ நிலையத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அதை எடுத்திருந்தால் நம் இயக்கங்களின் உடம்பு வேறு மாதிரி வளர்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு நகரத்தின் இருபது வருசத்தில் 1965, 1970, 1985 என்று ஒரு தடம் ஓடுகிறது. சனங்கள் தங்கள் உடம்புக்குத் தாங்களே பொறுப்பைக் கேட்டு வாங்கிய தடம். டாக்டரின் வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டு போகிற கதையின் மையத்தில் இந்தத் தடத்துக்கு இடமில்லை.

*

இன்னொன்று நிறம். அமெரிக்க அரசு 2023 ஜனவரியில் ஒரே இரவில் எடுத்த கணக்கில் வீடற்றவர்கள் 6,53,104 பேர். மக்கள் தொகையில் சுமார் 13 சதவீதமாக இருக்கும் கறுப்பர்கள் இந்தக் கணக்கில் 37 சதவீதம். தெருவில் கிடப்பது குடியாலும் போதையாலும் புத்தி பேதலித்ததாலும் மட்டும் வருவதென்றால் குடிக்கு ஏன் நிறம் தெரிகிறது? வீட்டுக் கடன் கொடுத்தவன் நிறம் பார்த்தான், வாடகைக்கு விட்டவன் பார்த்தான், சிறைக்கு அனுப்பியவனும் பார்த்தான். நோய் அதற்கெல்லாம் பிறகுதான் வந்தது. நம் சேரிக்கும் ஊருக்கும் நடுவில் கோடு கிழித்தவன் யார் என்று கேட்காமல், சேரியில் காலரா ஏன் வருகிறது என்று ஆராய்ந்தால் எப்படி இருக்கும்?

எல்லா வீடற்றவனும் கறுப்பன் அல்ல. டோனியே வெள்ளைக்காரர், இத்தாலி வம்சாவளி. வீடுகளை இடித்த கதையில் ஏழை வெள்ளையர்களும் இருக்கிறார்கள். ஓகானல் பயிற்சி பெற்ற அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வெஸ்ட் எண்ட் என்ற உழைப்பாளிகளின் குடியிருப்பு இருந்தது. நகரப் புனரமைப்பு என்று சொல்லி 1958 முதல் 1960 வரைக்குள் அதைத் தரைமட்டமாக்கிவிட்டு வசதியானவர்களுக்கு மாடிக் கட்டடம் எழுப்பினார்கள். சவுத் எண்ட் பகுதியில் தனி ஆட்கள் குறைந்த வாடகையில் தங்கிய அறைவீடுகளும் ஒவ்வொன்றாகப் போயின. 1980-களில் ரீகன் ஆட்சி ஏழைகளின் வீட்டு வசதிக்கான ஒதுக்கீட்டை வெட்டியது. இத்தனையும் சேர்ந்துதான் பைன் ஸ்ட்ரீட் விடுதியின் தரையில் சனங்களைக் கொண்டு வந்து படுக்க வைத்தது. டாக்டர் கழுவிய ஒவ்வொரு காலும் ஏதோ ஒரு வீட்டிலிருந்து நடக்க ஆரம்பித்த கால்.

பணத்தையும் பேசிவிடுவோம். தன்னார்வ நிறுவனம் என்றால் பணம் எங்கேயிருந்து என்று கேட்பது நம் பத்திரிகைகளின் பழைய வழக்கம், நல்ல வழக்கம். முதல் பணம் தந்த அறக்கட்டளை ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனியைப் பெரிதாக்கிய முதலாளியின் சொத்தில் பிறந்தது. அதே கம்பெனி, அபின்வகை வலிமருந்துகள் உண்டாக்கிய நாசம் தொடர்பான வழக்குகளில், குற்றத்தை ஒத்துக்கொள்ளாமலே 500 கோடி டாலர் வரை தர 2021-ல் சம்மதித்தது. பாஸ்டன் திட்டத்தின் நோயாளிகளில் 2003 முதல் 2008 வரை இறந்தவர்களை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், சாவுக்கு முதல் காரணம் போதைமருந்து அளவு மீறியதுதான். அதில் பெரும்பங்கு அபின்வகை. அறக்கட்டளையும் கம்பெனியும் சட்டப்படி வேறுவேறு. ஒன்றின் பாவத்தை மற்றதன் தலையில் நான் கட்டவில்லை. தர்மத்தின் கஜானாவும் நோயின் கஜானாவும் ஒரே தெருவில் இருக்க முடியும் என்பதைக் காட்டுகிறேன், அவ்வளவுதான்.

*

இதற்கு எதிராக ஒரு கேள்வி வரும். வரவேண்டிய கேள்விதான். தெருவில் ஒருத்தன் செத்துக்கொண்டிருக்கிறான், நீ என்னா கதாநாயகன், கதையாடல் என்று பேசிக்கொண்டிருக்கிறே? முதலில் அவனுக்கு மருந்து கொடு.

சரி. சாவின் கணக்கையே பார்ப்போம். 1988 முதல் 1993 வரை பாஸ்டன் திட்டம் பார்த்த 17,292 பேரை வைத்து 1997-ல் வந்த ஆய்வில், இறந்தவர்களின் சராசரி வயது 47. விடுதிக்கும் போகாமல் வெட்டவெளியில் படுக்கிற 445 பேரைப் பத்தாண்டு தொடர்ந்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், அவர்களின் சாவு விகிதம் மாநிலத்தின் பொது விகிதத்தைவிட ஏறக்குறைய பத்து மடங்கு. உலகத்திலேயே பேர்போன ஆஸ்பத்திரிகள் இருக்கும் ஊர் இது. மனசார வேலை செய்கிற டாக்டர்களும் செவிலியர்களும் ராத்திரி வண்டியில் சூப்பும் போர்வையும் எடுத்துக்கொண்டு தேடித் தேடிப் போகிற ஊர். அப்படியும் இந்தக் கணக்கு. ஓகானலுக்கே இது நன்றாகத் தெரியும். மலை உச்சிக்குக் கல்லை உருட்டிக்கொண்டே இருக்கிற கிரேக்கக் கதையோடு தன் வேலையை ஒப்பிட அவர் தயங்கவில்லை. வீடு இல்லாத நோய்க்கு மருந்து வீடுதான் என்பதும் அவருக்குத் தெரியும். புத்தகத்தின் நல்ல பக்கங்கள் இந்தத் தெளிவிலிருந்து வருகின்றன. தன்னை மகான் ஆக்காதே என்று மறுக்கிற ஒரு மனிதனின் முகம் அவற்றில் தெரிகிறது. அதற்காக அவரை மதிக்கிறேன்.

மருந்து வேண்டும். நாளைக்கே வேண்டும். ஆனால் மருந்தை நிர்வகிப்பது யார் என்ற கேள்வி மருந்துக்குப் பிறகு வருகிற கேள்வி அல்ல. அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விதி உண்டு: அரசுப் பணம் வாங்கும் சமுதாய சுகாதார நிலையத்தின் நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேல் அங்கே வைத்தியம் பார்க்கிற நோயாளிகளே இருக்க வேண்டும். கொலம்பியா பாயின்ட் காலத்துப் போராட்டத்தின் வாரிசு அந்த விதி. அதே சட்டத்தில் ஒரு விலக்கும் இருக்கிறது. வீடற்றோருக்கு மட்டும் நடத்துகிற திட்டங்கள் தகுந்த காரணம் காட்டினால் இந்தப் பெரும்பான்மை விதியிலிருந்து விலகிக்கொள்ளலாம். பாருங்கள், எல்லா ஏழைக்கும் கொடுத்த நாற்காலியைக் கடைசி ஏழையிடம் மட்டும் திருப்பி வாங்கிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள்! பாஸ்டன் திட்டத்தில் நோயாளிகளின் ஆலோசனைக் குழு உண்டு. அதிலிருந்து ஆட்கள் நிர்வாகக் குழுவில் உட்காருகிறார்கள் என்பதும் உண்மை. அது நல்ல காரியம். ஆலோசனை சொல்வதற்கும் தீர்மானிப்பதற்கும் உள்ள தூரம்தான் மிச்சம்.

இந்தத் தூரம் நம் ஊரிலும் இருக்கிறது. நம் சனங்களுக்காக நடத்துகிற எத்தனையோ அமைப்புகளில், நம்மாட்களே தலைமையில் இருக்கும் அமைப்புகளிலும்கூட, பயனாளி என்று ஒரு சொல் புழங்குகிறது. அந்தச் சொல்லுக்குக் கை உண்டு, வாய் கிடையாது. வாங்குவதற்கு மட்டும் நீட்டுகிற கை.

ஆகவே இந்தப் புத்தகத்தைப் படிக்கப்போகும் மாணவர்களுக்கும் அமைப்பு நடத்துகிற தோழர்களுக்கும் சில கேள்விகளைக் கொடுக்கிறேன். உங்கள் அமைப்பில் தொடுகிற வேலை யாருடையது, பேசுகிற வேலை யாருடையது? சம்பளப் பட்டியலில் அந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை படி இருக்கிறது? தெருவில் ஏற்கெனவே டோனி மாதிரி வேலை செய்துகொண்டிருக்கிறவன் யார் என்று தேடிப் பார்த்தீர்களா, அவனை நோயாளிப் பதிவேட்டில் மட்டும் எழுதினீர்களா? நீங்கள் நாளைக்கே விலகினால் பூட்டுச் சாவி யார் கைக்குப் போகும்? உங்கள் சனங்கள் உங்களுக்கு வைத்த நிபந்தனை என்ன? அப்படி ஒன்றுகூட இல்லை என்றால், அவர்கள் கூடி நிபந்தனை வைக்க ஓர் இடமும் ஒரு நாளும் ஒதுக்கிக் கொடுங்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்காதீர்கள். பின் வரிசையில் உட்காருங்கள். கால் கழுவச் சொன்னால் கழுவுங்கள்.